பின்கட்டுக்கு என்ன கலர்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். உங்களைக் குத்தம் சொல்லல, சீட்டு மேலதான் தப்பு. மூணு பேர் சீட்டுன்னா நூத்தி இருபது சென்டிமீட்டராவது வேணும். இது என் கைக்கு அஞ்சு சாண். என் சாண் இருபத்திரெண்டரை. அப்ப நூத்திப் பன்னெண்டரை. மீதி ஏழரையை எங்கயோ முழுங்கிட்டானுங்க. யாரு கேக்கப்போறா?

மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான். நல்லதாப் போச்சு. ரெண்டரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர எனக்கு ஆகாது. வீட்டுல பேச ஆளில்லாதவன் பஸ்ஸுல பேசித் தீத்துக்கிறேன்னு வச்சுக்கோங்க. தூக்கம் வந்தா சொல்லிருங்க, நிறுத்திக்கிறேன்.

என் பேரு தனுஷ்கோடி. கவர்மென்ட்டுல முப்பத்தினாலு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடத்துக்குப் படம் போடறவன். ரிட்டயர் ஆனப்புறம் பழைய கட்டடங்களை அளக்கிற வேலைக்குக் கூப்பிட்டாங்க. மண்டபம், சத்திரம், பங்களா, அரண்மனை. பழுது பாக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தன் போய் மூலை முடுக்கெல்லாம் அளந்து, எது ஆதியில கட்டினது, எது பிற்பாடு ஒட்டவச்சது, எங்க விரிசல், எங்க ஒழுகுதுன்னு படமாப் போட்டுக் குடுக்கணும். அதைப் பாத்துத்தான் இடிக்கிறவன் இடிப்பான், பூசுறவன் பூசுவான். நான் இடிக்கிறதும் இல்ல, பூசுறதும் இல்ல. இதை முதல்லயே சொல்லிர்றேன். ஏன்னா இன்னைக்கு ராமநாதபுரத்துல ஒரு அம்மாவைப் பாத்துட்டு வர்றேன். அவங்க நாப்பத்தி நாலு வருஷம் குடியிருந்த வீடு போனது என்னாலதான்னு ஒரு பேச்சு இருக்கு. நான் கலர்தான் அடிச்சேன் சார். இடிச்சது வேற ஆளு.

வாகையேந்தல்னு ஒரு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரமக்குடிக்குத் தெக்க, கண்மாய்க் கரையோட போனா வரும். சின்ன ஜமீன். அரண்மனைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. முன்னாடி பதினாலு தூணோட ஒரு மண்டபம், ரெண்டு பக்கமும் மாடி, நடுவுல வானம் பாத்த முத்தம், பின்னாடி ஒரு பின்கட்டு. மொத்தம் முப்பத்தேழு அறை. முப்பத்தஞ்சு பூட்டிக் கெடந்துச்சு. பின்கட்டுல மீதி ரெண்டு அறையும் ஒரு அடுப்படியுமா ஒரு அம்மா இருந்தாங்க. பர்வதவர்த்தினி நாச்சியார். கடைசியாப் பட்டம் கட்டின ஜமீன்தாரோட மக. அறுபத்தாறு வயசு. என்னைவிட மூணு வயசு பெரியவங்க.

அரண்மனை இப்ப அவங்க அண்ணன் மகன் பேருல இருக்கு. அவரு சென்னையில இருக்காரு. ஒரு ஹோட்டல்காரங்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. ஹோட்டல்காரங்க பழமை மாறாமப் புதுப்பிக்கணும்னு சென்னையில ஒரு ஆர்க்கிடெக்ட் மேடத்தைப் பிடிச்சாங்க. மேடம் என்னைப் பிடிச்சாங்க. போன வருஷம் ஜனவரி பதினெட்டு போனேன், மே அஞ்சு முடிச்சேன். நூத்தியெட்டு நாள்.

முதல்ல ஒரு மிஷினைக் கொண்டுவந்து வச்சாங்க சார். சுத்திச் சுத்தி வெளிச்சம் அடிச்சு ரெண்டே நாள்ல எல்லாத்தையும் அளந்துருச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா அதுக்குச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? சுவத்தைத் தட்டிப் பாத்து உள்ள பொக்கையா கெட்டியான்னு சொல்லுமா? அதுக்கு மனுஷன் வேணும். மிஷினு போயிருச்சு, நான் இருந்தேன்.

எனக்குத் துணைக்குன்னு அனுப்பின ஆளுக்கு மூணாம் நாளே அம்மை போட்டிருச்சு. ஊருக்குப் போயிட்டாரு. டேப் பிடிக்கிற வேலை ஒத்தை ஆளு வேலை இல்ல சார். ஒருத்தன் சுழியை, அதான் டேப்போட ஜீரோ முனையை, பிடிக்கணும், ஒருத்தன் படிக்கணும். வாட்ச்மேன் சேதுராசுன்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு பிடிச்சா ஒரு தரம் தூணுக்கு முன்னாடி பிடிப்பாரு, ஒரு தரம் பின்னாடி பிடிப்பாரு. ஒரே சுவத்தை மூணு தரம் அளந்து மூணு கணக்கு வந்துச்சு. எனக்கு வந்த கோவத்துல டேப்பைச் சுருட்டிக் கீழ போட்டுட்டேன்.

அப்பத்தான் அந்த அம்மா பின்கட்டு வாசல்ல நின்னு, "என்னங்க இஞ்சினியர் சார், அரண்மனை மேல என்ன கோவம்?"னு கேட்டாங்க.

"நான் இஞ்சினியர் இல்லம்மா, டிராஃப்ட்ஸ்மேன்"னேன்.

"இருக்கட்டும். அந்த முனையை எங்கிட்டக் குடுங்க. சேதுராசுக்கு வலது கண்ணு தெரியாது. யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

என் சர்வீஸுல அவங்களை மாதிரி சுழி பிடிச்ச ஆளைப் பாத்ததில்ல சார். என் டேப்புல முனை தேஞ்சு போச்சு. தேஞ்ச டேப்பை நாங்க தூக்கிப் போட மாட்டோம். சுழியில பிடிக்காம பத்து சென்டிமீட்டர் கோட்டுல பிடிச்சு, பின்னால பத்தைக் கழிச்சுக்குவோம். படிச்ச பசங்களே கழிக்க மறந்துருவாங்க. அவங்க ஒரு நாள்கூட மறக்கல. நான் இந்தப் பக்கம் "ஏழு நாப்பத்தி மூணு"ன்னு கத்துவேன், அந்தப் பக்கத்துலேருந்து "ஏழு முப்பத்தி மூணு, கழிச்சாச்சு"ன்னு சத்தம் வரும். ரெண்டு அறைக்கு நடுவுல சுவரு, ஆளு தெரியாது, சத்தம் மட்டும் வரும். காலையில ஒன்பதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டுல எங்க ரெண்டு பேரு சத்தம்தான். சேதுராசு சொல்வாரு, "பெரியவுக போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்யா இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது"ன்னு.

நாலு மணி ஆனா டேப்பை வச்சுட்டு உள்ள போவாங்க. கருப்பட்டிக் காப்பி. அப்புறம் அடுப்படி வாசல்ல நின்னு, "வாங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் முத்தத்துப் படியில உக்காந்து குடிப்பேன், அவங்க நிலையில சாஞ்சு நிப்பாங்க.

என்னைப் பத்தியும் சொல்லணும்ல. என் வீட்டுக்காரி கோயமுத்தூர்ல மக வீட்டுல இருக்கா. பேரனைப் பாத்துக்க ஆளு வேணும்ல. போயி ஆறு வருஷமாச்சு. பேரன் இப்ப நாலாம் வகுப்பு, தானே குளிக்கிறான், தானே ஸ்கூல் வேன் ஏறுறான், இருந்தாலும் பாத்துக்க ஆளு வேணும்னு சொல்றா. சரின்னு விட்டுட்டேன். அவளுக்கு என் மேல ஒரு வருத்தம் உண்டு. மகளுக்கு முதல்ல ஒரு இடம் கூடி வந்துச்சு. ஜாதகத்துல என் மச்சினன் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதியிருந்தான், செவ்வாய் தோஷம் தெரியக் கூடாதுன்னு. நிச்சயத்துக்கு வந்து உக்காந்திருக்கிற சம்பந்திகிட்ட நான், "ஆறே முக்கால் இல்லைங்க, அஞ்சு இருபது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு"ன்னு பீரோவுலேருந்து எடுத்துக் காட்டினேன். தப்பா சார்? நாளைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அப்புறம் வேற நல்ல இடம் அமைஞ்சுச்சு. ஆனா அவ அன்னைக்குப் பேச்சைக் குறைச்சவதான்.

இதை நாச்சியார்கிட்டயும் சொன்னேன். கேட்டுட்டு, "நீங்க காட்டுனது சரிதான். காட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை சொன்னீங்களா?"ன்னாங்க. "சொன்னா விடுவாளா?"ன்னேன். சிரிச்சாங்க. அதுக்கு ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல.

பரமக்குடி வந்துருச்சு. அஞ்சு நிமிஷம் நிக்கும், டீ ஏதும் வேணுமா? வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம்.

இப்ப கலர் விஷயத்துக்கு வர்றேன். எங்க படத்துல மூணு கலர் உண்டு சார். கருப்புன்னா ஆதியில கட்டினது, யாரும் தொடக் கூடாது. சிவப்புன்னா பிற்பாடு சேத்தது, எடுத்துரலாம். மஞ்சள்னா தெரியல. தெரியாததை யாரும் இடிக்கக் கூடாது, எங்க வேலையில அது ஒரு கட்டுப்பாடு. மஞ்சள் அடிச்ச சுவரு நூறு வருஷத்துக்கு நிக்கும். எவனும் வந்து கை வைக்கப் பயப்படுவான்.

முப்பத்தஞ்சு அறையிலயும் எனக்குத் தகராறே இல்ல. இது கருப்பு, அது சிவப்புன்னு போட்டுக்கிட்டே வந்தேன். இந்தப் பின்கட்டு மட்டும் என்னை ஆட்டி வச்சுருச்சு. செங்கல் பழைய சப்பைச் செங்கல். பூச்சு சுண்ணாம்பு. உத்தரம் தேக்கு. கதவு நிலை எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல. எல்லாம் பழசு. ஆனா சுவரு முத்தத்துச் சுவத்தோட கடிச்சுக்கிட்டு நிக்கல, சும்மா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரே காலத்துல கட்டியிருந்தா ரெண்டு சுவத்துச் செங்கலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். இது அப்படி இல்ல. பழைய சாமானு, புது இடம் மாதிரி இருக்கு. உறுதியாச் சொல்ல முடியல. பத்து நாள் பாத்தேன். சரி, மஞ்சள்னு அடிச்சேன். மஞ்சள் அடிச்சது உண்மை சார், அந்த ஷீட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு.

ஏப்ரல் ரெண்டாம் தேதி. நாலு மணிக் காப்பி. நான் சும்மா கேக்குற மாதிரி, "இந்த ரெண்டு அறை எந்தக் காலத்துலம்மா கட்டினது?"ன்னேன்.

அவங்க முகத்தைப் பாத்திருக்கணுமே சார். அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதே இல்ல போல.

"எழுபத்தி நாலு, ஆவணி மாசம்"னாங்க. "எனக்காகக் கட்டுனது. கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல நான் அந்த வீடு வேண்டாம்னு திரும்பி வந்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க. அம்மா அழுதாக. சொந்தக்காரவுக எல்லாம் கொண்டுபோய் விடுங்கன்னாக. அண்ணன் மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு விட்டாக. இடிஞ்சு கெடந்த குதிரை லாயத்துச் செங்கலை எடுத்து, அந்த நிலையையே எடுத்து, சுண்ணாம்பு அரைச்சு, ரெண்டு மாசத்துல இதைக் கட்டுனாக. பால் காச்சுற அன்னைக்கு ஊரைக் கூப்பிட்டு, 'இது என் தங்கச்சி வீடு, அவ இங்கதான் இருப்பா'ன்னாக. அதுக்கப்புறம் எவனும் வாயைத் தெறக்கல."

குதிரை லாயம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? பத்து நாளா மண்டையைக் குடைஞ்சது ஒரு நிமிஷத்துல தெளிஞ்சு போச்சு. பழைய சாமானு, புது இடம். நான் நினைச்சது அப்படியே சரி. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். "அருமைம்மா, அருமை"ன்னேன். அவங்களுக்கும் சந்தோஷம். அண்ணனைப் பத்தித்தான் அருமைங்கிறேன்னு நினைச்சுக்கிட்டாங்க.

வாய்வார்த்தையா ஒரு தகவல் கிடைச்சா அதை எழுதி, சொன்னவங்க கையெழுத்து வாங்கணும். இல்லேன்னா செல்லாது. அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு. எழுதி நீட்டினேன்.

"எதுக்கு சார்?"

"ரெக்கார்டுக்கும்மா."

"எங்கிட்டக் கையெழுத்துக் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு"ன்னு சொல்லி, கையைத் துடைச்சுக்கிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, முழுப் பேரையும் எழுதினாங்க. வாகையேந்தல் பர்வதவர்த்தினி நாச்சியார். நல்ல எழுத்து.

அன்னைக்குச் சாயங்காலமே மஞ்சளை எடுத்துட்டுச் சிவப்பு அடிச்சேன்.

நீங்களே சொல்லுங்க. மஞ்சளாவே விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது? மேடத்துக்குத் தெரியாது, ஹோட்டல்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? ரெண்டரை மாசம் அவங்க கையால காப்பி குடிச்சேன்கிறதுக்காகப் படத்துல பொய் போட முடியுமா? எத்தனை பேரு அப்படி நிப்பான்? நான் நின்னேன்.

அவங்க கேட்டாங்க. கேக்காம இல்ல. மறுநாள் ஷீட்டைப் பாத்துட்டு, "நேத்து மஞ்சளா இருந்துச்சே, இன்னைக்குச் சிவப்பா இருக்கு?"ன்னாங்க. "நீங்க சொன்ன வருஷம்தாம்மா, அதுக்கு அந்தக் கலர்"னேன். "சிவப்பு நல்லாருக்கு, எடுப்பா இருக்கு"ன்னாங்க. அதுக்கு மேல கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அப்புறமும் வேலை நடந்துச்சு. மேல்மாடி பூரா பாக்கி. மாடிப்படி செங்குத்து, அந்த வெயில்ல அவங்க ஏறி வந்து சுழி பிடிச்சாங்க. வௌவால் புழுக்கை, ஒட்டடை, எதுக்கும் முகம் சுளிக்கல. இந்த அறையில அப்பா படுத்திருந்தாக, இங்க அம்மா பிரசவிச்சாக, இந்த ஜன்னல் வழியாத்தான் நாங்க சப்பரம் பாப்போம்னு ஒவ்வொண்ணா சொல்வாங்க. நான் அதெல்லாம் எழுதல. படத்துல அதுக்கு இடமில்ல. கேட்டுக்குவேன். சில நாள் அளந்து முடிச்ச அறையையே இன்னொரு தரம் அளந்தோம். சரிபாக்கிறதுக்குத்தான்.

மே அஞ்சாம் தேதி சாமான் எல்லாம் கட்டியாச்சு. ஒரு பை நிறையப் புளி குடுத்தாங்க, வீட்டு மரத்துப் புளி. ஒத்தை ஆளுக்கு அவ்வளவு புளி எதுக்கும்மான்னேன். "வச்சிருங்க, கெடாது"ன்னாங்க. அப்புறம் கார் கிட்ட வந்து, "ஹோட்டல் ஆயிட்டா எங்களை மறந்துறாதீங்க சார். முன்பக்கம் விட மாட்டானுங்க, சுத்திக்கிட்டு வாங்க. நான் பின்னாடிதான் இருப்பேன். மருமகன் சொல்லிட்டான், அத்தை இருக்கிற இடத்துல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு"ன்னாங்க.

நான் "வர்றேம்மா"ன்னேன்.

வேற என்ன சொல்றது? கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஜூன் மாசம் மேடம் போன் பண்ணாங்க. நல்ல பொண்ணு, மரியாதை தெரிஞ்ச பொண்ணு. "தனுஷ்கோடி சார், பின்கட்டு சிவப்பு உறுதிதானா? அங்க ஒருத்தங்க இருக்காங்களே, சந்தேகம் இருந்தா மஞ்சள்ல வச்சுக்கலாம்"னாங்க. அப்படி அவங்க கேட்டது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. முப்பத்தினாலு வருஷ சர்வீஸ் எனக்கு. "சந்தேகமே இல்ல மேடம், கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்"னேன். "சரி சார்"னு வச்சுட்டாங்க.

அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாச்சியார் போன் பண்ணுவாங்க. என்ன சமைச்சீங்க, புளி தீந்துருச்சான்னு ரெண்டு வார்த்தை. ஆவணி பிறந்ததும் நின்னுருச்சு. நான் பண்ணேன். எடுக்கல. பதினோரு தரம் பண்ணியிருக்கேன் சார், எண்ணி வச்சிருக்கேன். அப்புறம் சேதுராசுக்குப் பண்ணேன். அவருதான் சொன்னாரு.

"பின்கட்டை எடுத்துட்டாகய்யா. முத்தத்தைப் பழையபடி தெறந்து விடுறாகளாம். மருமகத் தம்பி சென்னையிலருந்து வந்திருந்தாரு. ரிப்போர்ட்டுல இருக்கு அத்தை, நான் என்ன பண்ணட்டும், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு காயிதத்தைக் காட்டினாரு. நாச்சியாரம்மா வாங்கிப் படிச்சாக. ராமநாதபுரம் டவுன்ல மாடியில ஒரு வீடு பாத்து வச்சிருக்காரு, அங்க போயிட்டாக."

எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா கோவமும் வந்துச்சு. மருமகன் பிசகினா மருமகன் மேல கோவப்படணும். நாலு மாசம் பழகின மனுஷனுக்குப் போனை எடுத்து ஒரு வார்த்தை திட்டக் கூடவா கூடாது? திட்டிட்டா முடிஞ்சு போச்சுல்ல? ஒரு வருஷம் இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். சமைக்கும்போது நினைப்பேன், படுக்கும்போது நினைப்பேன். கடைசியில சேதுராசுகிட்ட விலாசம் வாங்கி இன்னைக்குக் காலையில கிளம்பிட்டேன்.

வெறுங்கையோட போகல. பின்கட்டு ஷீட்டை மட்டும் தனியா நல்ல பேப்பர்ல ஒரு பிரதி போட்டு, கண்ணாடி போட்ட ஃபிரேம்ல மாட்டி எடுத்துட்டுப் போனேன். வீடு இல்லேன்னாலும் படம் இருக்கட்டும்னு. இன்னைக்கு உலகத்துலயே அந்த வீடு எங்கிட்டத்தான் இருக்கு சார். அடுப்பு மேடை, விளக்கு மாடம், கொடி கட்டுற ஆணி வரைக்கும் போட்டிருக்கேன். ஒரு சென்டிமீட்டர் பிசகாது.

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். தெறந்தாங்க. ஒரு நிமிஷம் பாத்தாங்க. இளைச்சுட்டாங்க. "வாங்க"ன்னாங்க. அந்தக் குரல் மாறல.

ஒத்தை அறை. ஜன்னலுக்கு வெளியில எதிர் வீட்டுச் சுவரு, எட்டித் தொடலாம். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் சேர். தண்ணி குடுத்தாங்க. காப்பி போடல. கீழ வீட்டுக்காரவுக சமையல் முடிச்சப்புறந்தான் கேஸைத் தொடணுமாம், ஒரே அடுப்படியாம்.

படத்தைக் குடுத்தேன். மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. விரலால ஒவ்வொரு சுவரா தடவிக்கிட்டே போனாங்க. "மாடத்தைக் கூடப் போட்டிருக்கீங்க"ன்னாங்க. "எல்லாம் போட்டிருக்கேம்மா"ன்னேன். எனக்கு மனசு லேசாச்சு. சரி, கோவம் ஆறிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் என் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். கருப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். தெரிஞ்சுக்கிட்டே மஞ்சள் அடிச்சா அது பொய்யாப் போயிரும்மா, என்னால பொய் எழுத முடியாதும்மான்னேன்.

முழுசாக் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க.

"நீங்க பொய் எழுதியிருக்கணும்னு நான் சொல்லவே இல்ல சார். உங்களால அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். சிவப்புன்னா இடிக்கிறதுன்னு அன்னைக்குக் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, எப்பக் கட்டுனதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். பொய்யி எம் பொய்யாப் போயிருக்கும். நான் தெரியாதுன்னதை நீங்க அப்படியே எழுதியிருப்பீங்க. உங்க எழுத்தும் சுத்தமா இருந்திருக்கும், நானும் எங்க அண்ணன் கட்டுன வீட்டுல இருந்திருப்பேன்."

 

"ஏன் சார் சொல்லல?"ன்னாங்க. கோவமே இல்ல. தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க.

"நீங்க கேக்கலையேம்மா"ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டாங்க. படத்தைக் கட்டில் மேல வச்சுட்டு எந்திரிச்சுக் கதவைத் தெறந்து விட்டாங்க. "வெயிலுக்கு முன்னாடி பஸ்ஸைப் பிடிங்க"ன்னாங்க. அவ்வளவுதான். இறங்கி வந்துட்டேன்.

இல்ல சார், தண்ணி வேண்டாம். தூசி. அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துங்க.

அவங்ககிட்டச் சொல்லாததை உங்ககிட்டச் சொல்றேன். நீங்க இன்னும் முக்கால் மணி நேரத்துல இறங்கிப் போயிருவீங்க, என் மூஞ்சியைத் திரும்பப் பாக்கப் போறதில்ல. அவங்க கேக்காததுனால நான் சொல்லாம இல்ல சார். சொல்லணும்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஃபாரத்தை நீட்டும்போதே தெரியும். மறுநாள் சிவப்பு நல்லாருக்குன்னு அவங்க சொன்னப்ப வாய் வரைக்கும் வந்துச்சு.

அன்னைக்கு ஏப்ரல் மூணு. மேல்மாடி பாக்கி இருந்துச்சு, முப்பத்தி மூணு நாள் வேலை. சொல்லியிருந்தா அவங்க மறுநாள் வந்திருக்க மாட்டாங்க. நாலு மணிக்கு அந்த வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட்டிருக்க மாட்டாங்க. என்னைய வாங்கன்னு கூப்பிட வேற யாரும் இல்ல சார். எனக்கு அந்த முப்பத்தி மூணு நாள் வேணும்போல இருந்துச்சு.